இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி

என் அக்கா மகனுக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தவன் நான். அவனைக் கெடுத்தது செல்போன் என்று வீட்டில் நம்புகிறார்கள். இன்றுவரை நான் மறுக்கவில்லை.

2024 தொடக்கம். பெங்களூரில் சனிக்கிழமை ராத்திரிகளில் அலுவலக நண்பர்கள் ஐந்தாறு பேர் ஒரு வீட்டில் கூடுவோம். பயல் அப்போதுதான் வேலை கிடைத்து வந்து என் அறையில் தங்கியிருந்தான். கூட்டிக்கொண்டு போனேன். ரம்மி ஆடி வளர்ந்த பிள்ளை. நல்ல சீட்டு வந்தவன்தான் ஜெயிப்பான் என்று நினைத்திருந்தான். "இதுல சீட்டக் காட்டாமலே ஜெயிக்கலாம் மாப்ள" என்றேன். வாயைப் பிளந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. மூன்று ஜோடி என்று ஒரு கை கிடையாது. முதல் வாரம் அதைப் பெருமையாக விரித்து எல்லோரையும் சிரிக்கவைத்தான். பொதுச் சீட்டில் முதல் மூன்றும் சேர்ந்து விழும், அது ஃப்ளாப். நான்காவது டர்ன். கடைசி ரிவர். இதுவரை நான் சொன்னது சரி.

பிறகு சொன்னதுதான் வினை. இரண்டு சீட்டும் ஒரே இனமாக வந்தால் விடாதே என்றேன். அதனால் கூடும் பலம் நூற்றுக்கு மூன்று நான்குதான். மிரட்டத் தெரிந்தவனே ஆட்டக்காரன் என்றேன். வருகிற கைகளில் பெரும்பாலானதை மடித்துப்போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதே ஆட்டத்தின் பெரும்பகுதி. அதைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கென்ன கெத்து? ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏதோ எனக்கே பட்டம் கொடுத்த மாதிரி அதைப் பேசித் திரிந்தேன்.

ஒரு ராத்திரி அவன் கையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஆறு. நடுவில் நான்கு சீட்டு விழுந்திருந்தது; இரண்டு ஆட்டின். இன்னொன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், ஃப்ளஷ். நடுவில் சேர்ந்திருந்த பந்தயப் பணம் 12,000 ரூபாய். எதிரில் இருந்தவர் மேலும் 12,000 தள்ளினார். இவனிடம் மிச்சம் இருந்ததும் அவ்வளவே. தனி அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த பணம். எனக்குத் தெரியும்.

"போடலாமா மாமா?"

ஒருவர் ஆடும்போது அடுத்தவர் யோசனை சொல்லக் கூடாது என்பது போக்கரில் விதி. புதுப் பையன் என்று விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"மூணுல ஒண்ணு வரும். போடு."

12,000 போட்டு 24,000 எடுக்க, மூன்றில் ஒரு தடவை வந்தால் நட்டமில்லை. கேட்க அழகான கணக்கு. ஆனால் அது ஃப்ளாப்போடு நிற்கும்போது, இன்னும் இரண்டு சீட்டு விழ வேண்டியிருக்கும்போது சொல்ல வேண்டியது. இப்போது பாக்கி ஒரே சீட்டு. கண்ணில் படாதவை 46, அதில் ஆட்டின் 9. ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

வாயை மூடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். தப்புதான். நீங்கள் தீர்ப்புச் சொல்வதானால் இந்த நேரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அவன் இன்னும் பணத்தைத் தள்ளவில்லை. சில்லுகளை ஐந்து ஐந்தாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. நாற்காலியை நகர்த்தி, குனிந்து, தேடி எடுத்தான். "டேய், இரு" என்றால் போதும். சொல்லவில்லை. ஐந்து பேர் முன்னால் கணக்குத் தெரியாதவன் ஆகிவிடுவேன் என்று பயம். வந்தாலும் வரும், வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு. அவன் பணத்தை வைத்து என் மானத்துக்குச் சூதாடினேன்.

விழுந்தது கிளாவர் நாலு.

வண்டியில் திரும்பும்போது, "கணக்கு சரிதான்டா. லக்குதான் இல்ல" என்றேன். ஆட்டத்தில் செய்ததைவிட இது மோசம். கணக்கு சரி என்று நம்பியவன் என்ன செய்வான்? லக்குக்குக் காத்திருந்தான். இத்தனை தடவை வராதது அடுத்த தடவை வந்தே தீரும் என்று செல்போனில் விடிய விடிய ஆடினான். சீட்டுக்கட்டுக்கு ஞாபகம் கிடையாது, கலைத்ததும் எல்லாம் புதுசு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பேச்செடுத்தால் அந்த ராத்திரியும் வெளியே வரும். சும்மா இருந்தேன். 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடை போட்டது. ஆட்டம் நின்றது. கடன் ஆப்களில் அதற்குள் 2,10,000 ஏறியிருந்தது.

மகள் படிப்புக்கென்று அக்கா ஏலச்சீட்டு கட்டிவந்தாள். மூன்று லட்ச ரூபாய்ச் சீட்டை 72,000 தள்ளி எடுத்துக் கடனை அடைத்தாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். "நீ சொன்னா கேப்பான்டா. வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போ."

போனேன். ஒரு மணி நேரம் சொன்னேன். பேராசை, பெத்தவ கண்ணீர், தங்கச்சி படிப்பு, எதையும் விடவில்லை. அவன் தலை நிமிரவில்லை. கணக்கே தப்பு என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. ஆனால் கூட்டிப்போனவன் யார் என்று தெரியுமே.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்கா நடுவில் கேட்டாள். "யார்றா உனக்கு இந்தக் கருமத்தைக் கத்துக் குடுத்தது?"

"ஃப்ரெண்ட்ஸும்மா" என்றான்.

நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து புத்தி சொல்ல ஆரம்பித்தேன்.