மெலிந்த மனிதர்

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோ என்றதும் ‘மௌனம்’ என்னும் புதினத்தையே பலரும் நினைவுகூர்வர். 1980-இல் வெளிவந்த அவருடைய ‘சாமுராய்’ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நம்மைக் கேட்டால் இதுவே ஆழமானது என்போம்.

கதைக்கு அடிப்படை வரலாறு. வணிக உறவை நாடி, குறுநில மன்னர் டாட்டே மசமுனே 1613-இல் ஹசேகுரா என்னும் வீரரைக் கடல்கடந்து அனுப்பினார். மெக்சிகோ வழியாக ஸ்பெயின் சென்ற அவர் 1615-இல் மாட்ரிட் நகரில் திருமுழுக்குப் பெற்றார்; அதே ஆண்டில் உரோமையில் திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பரைச் சந்தித்தார். 1620-இல் தாயகம் திரும்பியபோது அங்கே கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்தது.

புதினத்தில் இவ்வீரர் வளமற்ற சதுப்பு நிலத்தில் வாழ்பவர். இழந்துபோன முன்னோரின் நிலம் திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையில் கப்பலேறுகிறார். உடன்செல்லும் பிரான்சிஸ்கன் துறவி வெலாஸ்கோவுக்கோ ஜப்பானின் ஆயராக வேண்டுமென்ற ஆசை. ஒருவர் உள்ளம் மற்றவருக்கு விளங்குவதில்லை. ஆனால் மண்ணாசைக்கும் பதவியாசைக்கும் கீழைநாடு, மேலைநாடு என்ற பேதம் ஏது? துறவி தம் ஆசைக்கு இறைவனின் பெயரைச் சூட்டிக்கொள்கிறார், அவ்வளவே. குருவானவரை இவ்வாறு சித்திரிக்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் இறுதிவரை படிக்கட்டும்: தடையை அறிந்தும் ஜப்பானுக்குத் திரும்பி, எரியூட்டப்பட்டு மடிபவரும் அவரே.

செல்லுமிடமெல்லாம் சுவரில் பாடுபட்ட சுரூபம். கைகள் அறையப்பட்டு, தலை சாய்ந்து தொங்கும் இந்த மெலிந்த மனிதரை ஏன் ஆண்டவரென்று வணங்குகிறார்கள்? சாமுராய்க்குப் புரியவில்லை. பிறந்தது முதல் அச்சுரூபத்தைப் பார்த்துப் பழகிய நாம் இக்கேள்வியை என்றேனும் கேட்டதுண்டா? சிறுவயதில் தாயின் விருப்பப்படி திருமுழுக்குப் பெற்று, தம் விசுவாசத்தைப் பொருந்தாத மேலைநாட்டு உடைக்கு ஒப்பிட்ட எண்டோ, வாழ்நாளெல்லாம் அதைக் கேட்டவர்.

தூது நிறைவேற வேண்டும் என்பதற்காக, நம்பிக்கையின்றியே சாமுராய் திருமுழுக்குப் பெறுகிறார். போலிச் சடங்கு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அவரை அனுப்பிய ஆட்சியாளர்களே அச்சடங்கைக் குற்றமாக்குகின்றனர். தாம் நம்பாத ஒருவரின் பொருட்டுத் தண்டனை! எல்லாரும் கைவிட்ட பிறகுதான், எல்லாராலும் கைவிடப்பட்ட அந்த மெலிந்த மனிதர் அவருக்கு நெருக்கமாகிறார்.

பயணமெங்கும் உடனிருந்த பணியாள் யோசோ அதை முன்னரே உணர்ந்திருந்தான். தலைவரைச் சாவுக்கு அழைத்துச் செல்லும் வேளையில், இனி ‘அவர்’ உங்களுக்குத் துணையாக வருவார் என்கிறான், பெயரைச் சொல்லவில்லை. சாமுராய் நின்று, திரும்பிப் பார்த்து, அழுத்தமாகத் தலையசைக்கிறார்.