மணிக்கு 30 மில்லி

பி.காம். படித்தவனுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அக்கா பெண் நர்ஸிங் படிக்கிறாள். பரீட்சை வந்தால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிற உத்தியோகம் எனக்கு. அந்த வகையில் ஓசியில் கொஞ்சம் வைத்தியம் தெரியும்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். பாக்கி 99 சதவிகிதத்தை ரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. இத்தனை ஃபைல் பார்த்து, வேண்டாததை மட்டும் கழிக்கிற க்ளார்க் நம்ம ஆபீஸில் உண்டா? லீவு இல்லை, ஓவர்டைம் இல்லை, யூனியனும் இல்லை. அதுதான் வம்பு. பாதி சக்தி போன பிறகும் மூச்சு விடாமல் வேலை செய்யும்.

"அப்போ ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவருக்கு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"கணக்கு எழுதித்தான், மாமா."

குடித்த தண்ணீர், கஞ்சி, ஏறிய டிரிப்ஸ் எல்லாம் ஒரு பக்கம். சிறுநீர், வாந்தி மறுபக்கம். அட, நம்ம வரவு செலவு!

அந்தக் கணக்கின் அருமை, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன ராத்திரி தெரிந்தது. மணி இரண்டு. அப்பா அசந்து தூங்குகிறார். பயிற்சிக்கு வந்த ஒரு பெண், இருபது வயசுகூட இருக்காது, கட்டிலோரம் குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இல்லை. நேரே சிஸ்டரிடம் போனாள்.

"ரெண்டு மணி நேரமா மணிக்குப் பதினஞ்சு மில்லிதான் வருது சிஸ்டர்."

கிலோவுக்கு அரை மில்லி வீதம், 60 கிலோ அப்பாவுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரவேண்டும். டாக்டரை எழுப்பினார்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்று டிரிப்ஸைக் கூட்டினார். விடிவதற்குள் 30, 40 என்று ஏறியது. இன்னும் சில மணி நேரம் யாரும் குனிந்து பார்க்காமல் இருந்திருந்தால்? யோசிக்கவே பயமாக இருக்கிறது. அப்பா இன்றைக்கும் பேப்பர் படித்து எல்லாக் கட்சிகளையும் பாரபட்சமில்லாமல் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நம் உடம்புக்கு அப்படிக் கணக்கெழுத ஆள் இல்லை. மீட்டிங் முடியட்டும் என்று அடக்கிக்கொள்கிறோம். முதுகு வலித்தால் கடையில் நாமே மாத்திரை வாங்கி, மாசக்கணக்கில் முழுங்குகிறோம். கிட்னியைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் சர்க்கரைக்கும் பி.பி.க்கும். இவை இருக்கிறவர்கள் மார்ச் 31-ல் கம்பெனிக் கணக்கை முடிக்கிற கையோடு, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் க்ரியாட்டினின் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வார்டில் ஒரு சின்னப் பெண் மூத்திரப் பையை முறைத்துக்கொண்டு நின்றால் மூக்கைப் பொத்தாதீர்கள். எழுந்து வழி விடுங்கள். கணக்கு டாலி ஆகிறதா என்று பார்க்கிறாள்.