சாவி யார் கையில்

பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்கு நடந்து செல்கிறவன், எந்த அடியில் ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று ஆரம்பிக்கிறது என்பதைச் சாலையோரத்துப் பலகையைக் கொண்டுதான் அறிய வேண்டுமே தவிர, மண்ணைக் கொண்டோ, மரத்தைக் கொண்டோ, மனிதர்களின் பேச்சைக் கொண்டோ அறிய முடியாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் நாங்கள் கோட்டுக்குக் கேரளப் புறம் நின்றோம். அதன் பின் 1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது, எங்கள் பாறசாலைக்கு 695502 என்றும், கூப்பிடு தூரத்துக் களியக்காவிளைக்கு 629153 என்றும் விழுந்தது. முதலில் நிற்கும் ஆறு மட்டும் இரண்டுக்கும் பொது. ஒரே குடும்பத்துச் சகோதரர் இருவருக்கு எழுதும் கல்யாணக் கடிதங்கள் வெவ்வேறு மாநிலங்களின் பைகளில் பிரிந்து போவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன்.

தபாலை நாங்கள் அஞ்சல் என்று சொல்லத் தொடங்கியது இன்று நேற்றல்ல. திருவிதாங்கூர் அரசாங்கம் தன் சொந்தத் தபால் இலாகாவுக்கு வைத்திருந்த பெயரே அஞ்சல். சங்கு முத்திரையிட்ட அதன் தலைகள் 1888 முதல் வழங்கின. மணி கட்டிய கோலைக் கையில் பிடித்து ஓடி வரும் அஞ்சலோட்டக்காரனுக்கு எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் விலகி வழிவிட வேண்டும் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1951இல் அந்த இலாகா இந்தியத் தபாலோடு கலந்து மறைந்தது. ஆனால் அந்தச் சொல் மறையாமல், மின்சாரத்தின் முதல் எழுத்துகளைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, மின்னஞ்சல் என்று திரும்பி வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத வைத்தவள் எங்கள் தெருவில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் ஒரு பெண்.

அவளுடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்ஸிங் படிக்க விண்ணப்பம் போட்டபோது, விண்ணப்பத்தில் ஒரு மின்னஞ்சல் விலாசம் அவசியம் என்றார்கள். அதை நிரப்பித் தந்த கடையில், அங்கிருந்த பையன் இரண்டு நிமிஷத்தில் தாயின் பெயரில் ஒரு கணக்கை உண்டாக்கி, தன் கைபேசி எண்ணையே அதற்குக் கொடுத்து, கடவுச்சொல்லையும் தானே இட்டு, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவன் அப்படித்தான் செய்தான். பின்னர் அவன் வளைகுடாவுக்குப் போனான், கடையும் மூடப்பட்டது. நேர்முகத்துக்கு வரச் சொல்லி வந்த கடிதம், பூட்டிய அறையில் போட்ட தந்தியைப்போல, யாரும் திறவாத அந்தப் பெட்டியிலேயே கிடந்தது. தேதி கடந்து பதினோராம் நாள் அவள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "சாரே, மெயில் ஐடி எனக்க பேருலதானே இருக்கு, பின்ன எனக்கு ஏன் தொறக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் தமிழ் கற்பித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல நா எழவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளையும் மகளையும் உட்கார வைத்து, ஜிமெயிலில் புதிதாக ஒரு கணக்கைத் தாயின் கையாலேயே தொடங்கச் செய்தேன். அவள் விரல் படாத ஓர் எழுத்தும் அதில் இருக்கலாகாது என்பது நான் வைத்த ஒரே நிபந்தனை. பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைக் கேட்டபின் விலாசத்தைத் தேர்ந்துகொள்ளத் திரை சொன்னது; அவள் விரும்பிய பெயர் எவரோ முன்னமே எடுத்தது என்று வந்தது. பக்கத்தில் பிறந்த வருஷத்தைச் சேர்க்கப் போனவளைத் தடுத்தேன். பிறந்த வருஷம் ஊரார் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டியதில்லை. மேலும், விலாசம் என்பது தொலைபேசியில் ஒரு தடவை சொன்னால் எதிராளி பிழையின்றி எழுதிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். கடைசியில் தன் பெயரோடு வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதினாள், அது கிடைத்தது.

பெயருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே சுழித்து நிற்கும் அந்த 'அட்' குறியைக் காட்டி, "இது என்ன எழுத்து?" என்றாள். 1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் வழியைச் செய்தபோது, இன்னார், இன்ன இடத்தில் என்று பிரித்துக் காட்ட அந்தக் குறியை எடுத்துக்கொண்டார் என்று சொன்னேன். நம் கடிதத்தில் பெயர் எழுதிக் கீழே ஊர் எழுதுவதன் தாத்பரியமே அது. இவ்வளவு எளிய யுக்தி ஐம்பது வருஷத்துக்கு மேலாக மாறாமல் நிற்கிறதென்றால் அதன் சிறப்பு அந்த எளிமையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கட்டணமின்றி எவரும் கணக்குத் தொடங்கலாம் என்ற ஏற்பாடு உலகெங்கும் பரவியதில், பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4இல் தொடங்கிய ஹாட்மெயிலுக்குப் பெரும் பங்குண்டு. 2004 ஏப்ரல் 1இல் கூகுளின் ஜிமெயில் வந்தபோது ஒருவருக்கு ஒரு ஜிகாபைட் இடம் தருவதாகச் சொன்னதைப் பலர் விளையாட்டு என்று நினைத்தார்களாம். இன்று அது 15 ஜிகாபைட்.

கடவுச்சொல்லுக்கு வந்தபோதுதான் அன்றைய மத்தியானத்தின் பெரும்பகுதி கழிந்தது. மகளின் பெயரும் வேண்டாம், கைபேசி எண்ணும் வேண்டாம், அவளுக்கு மட்டும் அர்த்தமாகும் நீண்ட ஒரு தொடராக இருக்கட்டும் என்றேன். அவள் முகம் திருப்பி யோசித்துத் தானே தட்டினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியில் பத்திரப்படுத்தச் சொன்னேன். எழுதி வைக்கக் கூடாது என்று சொல்வோர் உண்டு; கணினிக்கு அருகில் ஒட்டி வைப்பது தவறுதான், ஆனால் வீட்டுப் பத்திரத்தோடு பூட்டி வைப்பதில் எந்த ஆபத்தும் எனக்குத் தெரியவில்லை.

அதைவிட முக்கியமானது, கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்கக் கொடுக்கும் எண். எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு இதில் பிரத்தியேகமான இடர் ஒன்று உண்டு. களியக்காவிளையில் வாங்கிய சிம் ஒன்று, பாறசாலையில் வாங்கியது ஒன்று, மஸ்கட்டிலோ துபாயிலோ வேலை பார்த்து வந்தவர்க்கு அந்நாட்டு எண் வேறொன்று என்று பலவற்றை வைத்திருக்கிறோம். எது கையில் அகப்பட்டதோ அதைக் கொடுத்துவிடுகிறோம். முன்பணம் கட்டும் சிம்மை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் துண்டித்துவிடக் கூடும். துண்டித்த எண் சில காலம் கழித்து முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். அப்போது நம் கணக்கைத் திறப்பதற்கான ஓடிபி அவர் கைக்குப் போகிறது. ஆகையால் ஆயுள் முழுவதும் விடாமல் வைத்திருக்கப் போகும் எண் எதுவோ அதைக் கொடுக்க வேண்டும். எண்ணை மாற்றினால் அன்றே கணக்கிலும் மாற்ற வேண்டும். நம்பிக்கையான உறவினர் ஒருவரின் மின்னஞ்சலையும் மீட்பு விலாசமாகச் சேர்ப்பது உத்தமம். திறக்காமல் இரண்டு வருஷம் கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடக் கூடும் என்பதால், வேலை இல்லாவிட்டாலும் இடையிடையே திறந்து பார்க்கச் சொன்னேன்.

பிறகு முதல் கடிதம். தமிழில் எழுத முடியுமா என்று அவள் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு காலத்தில் தமிழில் அனுப்பினால், எதிராளியிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால், அவருக்குப் போய்ச் சேர்வது பொருளற்ற குறிகளாகவே இருக்கும். மலேசியாவின் முத்து நெடுமாறன், கணினியில் தமிழ் எழுதத் தாம் செய்த மென்பொருளுக்கு முரசு அஞ்சல் என்று பெயர் வைத்தார். அஞ்சல் என்ற சொல் அங்கும் நின்றது. 1999இல் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. யூனிகோடு பரவிய பின் உலகத்தின் எந்த மூலையிலும் தமிழ் தமிழாகவே திறக்கிறது. கைபேசியில் தமிழ்ப் பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். பெறுநர் இடத்தில் என் விலாசம், பொருள் இடத்தில் 'வணக்கம்', கீழே அவள் எழுதியது ஒரே வாக்கியம்: "சாரே, இது நான் எழுதின கடுதாசி." அவள் விரலை எடுக்கும் முன்னே என் சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது. மகள் சிரித்தாள், அவள் சிரிக்கவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

மீதியைச் சுருக்கமாகவே சொல்லிக் கொடுத்தேன். 25 மெகாபைட்டுக்குள் சான்றிதழ்களை இணைத்து அனுப்பலாம். எதிர்பார்த்த கடிதம் வராவிட்டால் ஸ்பாம் என்ற பெட்டியிலும் தேட வேண்டும், அங்கே கிடப்பது 30 நாளில் தானே அழியும். பரிசு விழுந்தது, வங்கிக் கணக்கு முடங்கியது என்று அவசரப்படுத்தி வரும் எதிலும் விரல் வைக்கக் கூடாது. பிறர் கணினியில் திறந்தால் வெளியேறிய பின்பே எழ வேண்டும். வாட்ஸ்அப் இருக்கையில் இது எதற்கு என்று மகள் கேட்டாள். வாட்ஸ்அப் எண்ணோடு கட்டுப்பட்டது, எண் போனால் கூடவே போகும். கல்லூரியும் வங்கியும் அயல்நாட்டு ஆஸ்பத்திரியும் உன்னைத் தேடி வரும் விலாசம் இது என்றேன்.

கேரளத்தில் 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா திட்டம், வீட்டுக்கு ஒருவருக்காவது கணினியைப் பழக்க வேண்டும் என்ற சங்கல்பத்தோடு பிறந்தது. எங்கள் மாவட்டத்துப் புல்லம்பாற பஞ்சாயத்து 2022இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மகத்தான காரியங்கள் இவை. ஆனால் ஒருவருக்காக மற்றொருவர் தட்டிக் கொடுப்பது கற்பித்தலாகாது என்பதைத் தையற்காரியின் கேள்வி எனக்கு உணர்த்திற்று. மறுவருஷம் வந்த கடிதத்தை அவளே திறந்தாள். மகள் இப்போது நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

இதை வாசிப்பவர்களில் எவருக்கேனும் கணக்கை வேறொருவர் தொடங்கித் தந்திருந்தால், இன்று இரவு படுப்பதற்கு முன் அதைத் திறந்து, மீட்பு எண் என்ற இடத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள்; உங்களுடையது இல்லாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.