வினையின் பின்னே வரும் சிறுசொல்

திருமங்கலத்தில் நம் தெருவினருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கிதாபு ஓதியவருக்கு எந்த மொழிக் கடிதமும் விளங்கும் என்பதே அது. மதரஸாவில் ஏழாண்டு ஓதி ஸனது பெற்று, பின்னர்த் தமிழிலக்கணமும் கற்று, முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் நாம் அந்நம்பிக்கையை மறுத்துரைத்ததில்லை. ஆங்கிலத்தை அகராதியின் துணைகொண்டு நாமே கற்றோம். கடிதத்தோடு யாரேனும் வந்தால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொல்வோம். அதில் சிறிது பெருமையும் இருந்தது, மறைப்பானேன்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின், வளைகுடா நாட்டில் வேலை பார்த்த கணவரை இழந்த ஒரு சகோதரி கடிதமொன்றுடன் வந்தார். கணவர் பணிபுரிந்த இடத்திலிருந்து சேரவேண்டிய தொகையைக் கோரி அவர் மனுச் செய்திருந்தார். வந்த பதிலில் இரண்டு வரிகளே முக்கியமானவை. மனு 'டர்ன்டு டவுன்' ஆகிவிட்டது என்பது ஒன்று. 60 நாட்களுக்குள் இவ்விஷயத்தை அவ்வலுவலகத்துடன் 'டேக் அப்' செய்யலாம் என்பது மற்றொன்று. 'டர்ன்' திருப்புதல், 'டவுன்' கீழே. 'டேக்' எடுத்தல், 'அப்' மேலே. இவ்வாறு சொல் சொல்லாகப் பிரித்து, "உங்கள் மனுவைக் கீழ் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் தாயே, 60 நாளுக்குள் பெற்றுக்கொள்ளலாம் என்று கண்டிருக்கிறது" என விளக்கம் உரைத்தோம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்களைத் துடைத்துக்கொண்டு போனார்.

அறுபத்து மூன்றாம் நாள் மீண்டும் வந்தார். "ஹஜ்ரத், கெடு முடிஞ்சிருச்சே, ஒண்ணும் வரலையே" என்றார். மதுரையில் கல்லூரியில் படித்துவந்த நம் மகள் அன்று வீட்டிலிருந்தாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தவளின் முகம் மாறியது. நம்மை அடுப்படிக்கு அழைத்து, "அத்தா, மனுவை மறுத்துட்டாங்க. ஆட்சேபம் இருந்தா 60 நாளுக்குள்ள எழுதிக் கேக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

திரும்பிச் சென்று அதைச் சொன்னது நாமேதான், மகளிடம் விடவில்லை. அந்தச் சகோதரி நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.

அன்றிரவு முதல் மகள் உஸ்தாத், நாம் மாணவர். எளிய ஆங்கில வினையொன்றின் பின்னே 'அப்', 'டவுன்', 'ஆஃப்', 'இன்டூ' முதலிய சிறுசொல் ஒட்டினால், பல இடங்களில் இரண்டின் பொருளும் மறைந்து மூன்றாவதொன்று பிறந்துவிடுகிறது. 'கிவ்' கொடுத்தல், 'கிவ் அப்' கைவிடுதல், 'கிவ் இன்' பணிந்துபோதல். 'லுக் ஆஃப்டர்' பராமரித்தல்; 'லுக் ஃபார்' தேடுதல்; 'லுக் டவுன் ஆன்' இழிவாக எண்ணுதல். கடிகார மணி 'கோ ஆஃப்' ஆனால் அடிக்கும். விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணையும். இதற்கு என்ன செய்வது! இத்தொடர்களுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925இல் தம் நூலில் எடுத்தாண்டவர் லோகன் பியர்சால் ஸ்மித். நாம் கற்றதோ புத்தக ஆங்கிலம். ஆதலால் 'போஸ்ட்போன்' என்னும் லத்தீன் வழிச்சொல் நமக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலேயர் வீட்டில் அதே பொருளில் வழங்கும் 'புட் ஆஃப்' தெரியவில்லை. நம் நாட்டில் படிப்பை முடித்து வெளிவருவதை 'பாஸ் அவுட்' என்கிறோம். அங்கே கேட்பவர் மயங்கி விழுந்ததாகக் கொள்ளவும் கூடும்.

நம்மை வெட்கச் செய்தது இதுவன்று. இவ்விதியை முப்பதாண்டுகளாக நாமே ஓதிக்கொடுத்து வந்திருக்கிறோம். அரபியில் 'தஹப' என்றால் போனான். 'பி' சேர்ந்தால் கொண்டுபோனான். 'ரகிப' என்னும் வினையோடு 'ஃபீ' வந்தால் விரும்பினான். 'அன்' வந்தால் வெறுத்து விலகினான். அந்நிஸா அத்தியாயத்தின் 127ஆம் வசனத்தில், எத்தீம் பெண்களைப் பற்றிய இடத்தில், இவ்வினை வருகிறது. சிறுசொல் வெளிப்படையாக இல்லை. அதனால் அவர்களை மணக்க விரும்புகிறீர்கள் என்றும், மணக்க விரும்பாதிருக்கிறீர்கள் என்றும் விரிவுரையாளர்கள் இரு பொருளும் உரைத்தனர். ஹர்ஃபு இல்லாத இடத்திலும் அவர்கள் நின்று நிதானித்தார்கள். நாமோ அது கண்ணெதிரே இருந்தும் நில்லாமல் கடந்தோம். அதுவும் ஆதரவற்ற ஒரு பெண்ணின் காரியத்தில்.

தமிழ் மட்டும் என்னவாம்? 'காட்டு' என்பதிலும் 'கொடு' என்பதிலும் ஒரு தீங்கும் இல்லை. 'காட்டிக்கொடு' என்றாலோ துரோகம். இதை அயலான் ஒருவன் அகராதி வைத்துப் பிரித்துப் பொருள் சொன்னால் சிரித்திருப்போம்.

மகள் மறுமனு வரைந்தாள். தாமதத்துக்குக் காரணம் என்ன எழுதுவது என்று கேட்டாள். படித்துச் சொன்னவரின் பிழை என்றே எழுதச் சொன்னோம். ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'லுக் இன்டூ' செய்துகொண்டிருக்கிறார்களாம். அகராதியைப் பார்த்து, மகளிடமும் கேட்டுத் தெளிந்த பின்னரே வாய் திறந்தோம். "விசாரிக்கிறார்கள் தாயே. தருவோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை" என்றோம்.

"அப்படின்னா இன்னும் எத்தனை நாள் ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தோம். அதில் நாள் எதுவும் குறிக்கப்படவில்லை.