தூது போனவர்கள்

காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்து முனக ஆரம்பித்தது. அங்கிருந்து கொல்லிமலை மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. முப்பதைத் தாண்டியபின் காற்றில் ஈரம் ஏறியது. சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி படர்ந்திருக்க, நாமக்கல் சமவெளி சாம்பல் நிறத்தில் கீழே கிடந்தது. ஆடி மாதம். பக்கத்து இருக்கை அம்மாவின் கூடையிலிருந்த அன்னாசி வாசனை வண்டி முழுக்க நிறைந்திருந்தது.

செம்மேட்டில் இறங்கியதும் எல்லோரும் பார்ப்பது வல்வில் ஓரியின் சிலை. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு நடத்தும் ஓரி விழா நெருங்கிக்கொண்டிருந்ததால் கடைவீதியில் பந்தல் கட்டும் வேலை நடந்தது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாகத் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடிய வில்லாளி இவன். பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அவன் எப்படிச் செத்தான் என்பதை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை. முள்ளூர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. காரியும் வள்ளல், ஓரியும் வள்ளல். கடையெழு வள்ளல்கள் பட்டியலில் இருவருக்கும் இடம் உண்டு. கொல்லப்பட்ட ஓரியின் தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த பேராரவாரத்தைக் கபிலர் ஓர் உவமையாக நற்றிணையில் வைத்திருக்கிறார். காரியை மனதாரப் புகழ்ந்து பாடிய அதே கபிலர்தான்.

சண்டை அதோடு முடியவில்லை. கொல்லிக் கூற்றத்தில் வைத்தே அதியமானையும் இரு பெருவேந்தரையும் வென்று, பிறகு தகடூரை அழித்தான் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அந்த எட்டாம் பத்தைப் பாடியவர் அரிசில்கிழார். சேரன் தன் அரியணையையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தான், அவர் அதை மறுத்து 'நீயே ஆள்க' என்றார் என்பது அந்தப் பதிகத்தின் செய்தி. இதே அரிசில்கிழார், தகடூர்ப் போரில் சேரனுக்கு எதிரே நின்று வீழ்ந்த அதியமான் எழினிக்காக அழுது பாடிய பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது. வென்றவனின் அவையில் அமர்ந்தவர் தோற்றவனுக்காகக் கண்ணீர் விடுகிறார். அதற்காக அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. சிலையடியில் நின்றபோது எனக்கு ஓரியைவிட அவர் நினைவுதான் வந்தது.

இப்படி இரு பக்கமும் பழகுகிறவர்களுக்கு இன்றைய உலகிலும் வேலை உண்டு. பகை நாடுகளின் பேராசிரியர்கள், முன்னாள் அதிகாரிகள், துறவிகள் போன்றோர் பதவியின் பொறுப்பில்லாமல் உட்கார்ந்து பேசுவதற்கு 1981-இல் அமெரிக்க ராஜதந்திரி ஜோசப் மான்ட்வில் 'இரண்டாம் தடம்' என்று பெயர் வைத்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1960-இலிருந்தே அமெரிக்க, சோவியத் அறிஞர்கள் டார்ட்மத் மாநாடுகளில் சந்தித்துவந்தார்கள். மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் 1992-இல் ரோம் நகரில், சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பின் முயற்சியால் முடிவுக்கு வந்தது. ஆனால் இந்த வேலையை நம் புலவர்கள் முன்பே செய்திருக்கிறார்கள். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனார். தன் பிள்ளைகள்மேலேயே படை எடுத்த கோப்பெருஞ்சோழனைத் தடுத்தவர் புல்லாற்றூர் எயிற்றியனார். இந்த வரிசையில் என் மனத்தை விட்டு நீங்காதவர் கோவூர்கிழார்.

ஓரியைக் கொன்ற காரி மலையமான் குடியைச் சேர்ந்தவன். அந்தக் குடியின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்துவந்து யானைக் காலில் இடப்போகிறான். அவையோர் கூடிவிட்டார்கள். யானை நிற்கிறது. கோவூர்கிழார் அந்த இடத்தில் எழுந்து பேசுகிறார். முதலில் அரசனுக்கு அவன் முன்னோனை நினைவூட்டுகிறார்: புறாவுக்காகத் தன் உடம்பைக் கொடுத்த மரபில் வந்தவன் நீ. அடுத்து அந்தப் பிள்ளைகளின் குடியைச் சொல்கிறார்: புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தவர்களின் மக்கள் இவர்கள். பிறகு குழந்தைகளைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைப் பார்த்ததும் வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டார்கள். இப்போது அறிமுகமில்லாத கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். கடைசியில், நான் சொன்னதைக் கேட்டாயென்றால் உன் விருப்பப்படி செய் என்று விட்டுவிடுகிறார். மிரட்டவும் இல்லை, காலில் விழவும் இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

இந்த வேலைக்கு விலையும் உண்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று சொல்லி, அவனோடு பகைகொண்டிருந்த நெடுங்கிள்ளி கொல்லப்போனான். அவரையும் காப்பாற்றியவர் கோவூர்கிழார்தான். இரு பக்கமும் போய்வருகிறவனை இரு பக்கமும் சந்தேகப்படுவது அன்றைக்கே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை சோளக்காட்டுச் சந்தைக்குப் போனேன். பலாவும் வாழைத்தாரும் குவிந்துகிடந்தன. சாமை விற்க வந்திருந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவருடன் காப்பி குடிக்க உட்கார்ந்தேன். அவர் வாழ்நாளெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பார்த்தவர். இரண்டு ஊருக்கு நடுவே தகராறு வந்தால் ஊர்க்கவுண்டர்கள் நேரே கூட்டம் போட்டுவிடுவார்களா என்று கேட்டேன்.

"அதெப்படிங்க தம்பி? எடுத்த எடுப்புல ஒக்கார வச்சா கைகலப்புத்தான் வரும். ரெண்டு ஊர்லயும் பொண்ணு குடுத்து எடுத்தவரு யாராச்சும் இருப்பாரு. மொதல்ல அவரு போவாரு. இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடுவாரு, அந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடுவாரு. கோவம் கொறஞ்சிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுவாரு. அப்புறந்தான் கூட்டம்."

"அவர் சொல்வதை ஊர் கேட்காவிட்டால், ஐயா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அவரு நெலம பாவங்க. பேசி முடிச்சா மட்டும் போதாது. பேசுனத ஊரு ஏத்துக்கணும். ஏத்துக்கலைன்னா அந்த மனுசன் அடுத்த ஊருக்காரன் மொகத்துல எப்படி முழிப்பான்? இன்னொரு தரம் தூது போகக் கூப்பிட்டா வருவானா?"

வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் அவர் கேள்வி கூடவே வந்தது. கோவூர்கிழாரின் பெருமையில் பாதி கிள்ளிவளவனுக்குச் சேர வேண்டும். அவன் காது கொடுத்துக் கேட்டான். இதே நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கி வாழ்ந்தவர் ராஜாஜி. 1962 செப்டம்பரில், அரசுப் பதவி எதுவும் இல்லாத 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவின் தலைவராக வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி அதிபர் கென்னடியிடம் நேரில் கேட்டார். மறு ஆண்டு ஆகஸ்ட்டில் அணுச் சோதனைப் பகுதித் தடை ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. ராஜாஜியால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் சொல்வதைக் கேட்க அந்த அதிபர் நேரம் ஒதுக்கினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நம் கடலில் அப்படி யாரும் கேட்கவில்லை. பாக் நீரிணையில் 1974-இல் எல்லைக் கோடு போட்டபின் மீன் எப்போதும்போல இரு பக்கமும் திரிந்தது, படகுகளும் திரிந்தன. ஈழப்போர் ஆண்டுகளில் வடக்கு இலங்கை மீனவர்கள் கடலுக்குள் இறங்க முடியாமல் கிடந்தபோது, இந்தப் பக்கத்து இழுவை மடி விசைப்படகுகள் பெருகின. போர் ஓய்ந்து அவர்கள் தங்கள் வலையோடு கடலுக்குத் திரும்பியபோது, அடிமண்ணைச் சுரண்டிப் போகும் மடிகளில் அந்த வலைகள் கிழிந்தன. இருவரும் தமிழர், ஒரே மொழியில் கடலைத் திட்டுகிறவர்கள், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் ஒன்றாக மண்டியிடுகிறவர்கள். 2004-இல் தமிழக மீனவர்கள் நல்லெண்ணக் குழுவாக இலங்கைக்குப் போய்வந்தார்கள். 2010 ஆகஸ்ட்டில் இலங்கை மீனவர்கள் இங்கே வந்தார்கள். அரசுகளின் அதிகாரம் எதுவும் கையில் இல்லாமல், இரு தரப்பும் சென்னையில் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இழுவை மடியை ஒரேயடியாக அல்லாமல் படிப்படியாக விட்டுவிடுவது, அதுவரை இலங்கைக் கடலில் ஆண்டுக்கு 70 நாள் மட்டும் தொழில் செய்வது என்பது அதன் சாரம்.

தன் வலையைக் கிழித்தவனோடு பேரம் பேசி எழுபது நாள் விட்டுக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கடன் வாங்கிக் கட்டிய விசைப்படகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிறேன் என்று ஒப்புக்கொள்ளவும் அதே அளவு துணிவு வேண்டும். இரு அரசுகளும் அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2014-இலும் 2015-இலும் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேசினார்கள், பேச்சு நின்றது. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. கைது, படகு பறிமுதல், சிறை என்ற செய்திகளை இன்றும் காலையில் படிக்கிறோம். இது எனக்குக் கோபம் தருகிறது. அரசுகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற மிகக் கடினமான பாதியை, வலை இழுக்கிறவர்களே பேசி முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த எழுபது நாள் கணக்கிலிருந்து டெல்லியும் கொழும்பும் இன்றைக்கும் தொடங்கலாம்.