பேரனின் தவளையும் நாம் செதுக்கிய கொம்பும்

மரத்தை அதன் வைரத்தைக் கொண்டே மதிப்பிடுவது எமது ஊர் வழக்கம். பாலை, முதிரை, வேம்பு ஆகியவை கறையானுக்கு எளிதில் இடங்கொடா. ஆதலின் அவை உயர்ந்த மரங்கள். இந்த அறிவோடுதான் நாம் சிட்னியில் வாழும் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம்.

அங்கே 12 வயதுப் பேரன் கண்ணாடிப் பெட்டியொன்றில் மரத்தவளை வளர்த்து வந்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தவளை வளர்க்கவும் அரசாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனைத் தாயின் பெயரில் எடுத்திருந்தார்கள். ஜோன் வைற் என்னும் வைத்தியர் 1790 ஆம் ஆண்டில் நூலில் விவரித்த பச்சைத் தவளை இனம் அது. நன்கு பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழுமாம். பேரனுடைய திருமணத்தையும் அது பார்க்கக்கூடும் என்று நாம் நகைத்ததுண்டு.

பெட்டிக்குள் கிடந்த கோணல் மரப்பட்டை எமது கண்ணுக்குக் குப்பையாகவே தோன்றியது. வேலி திருத்தியபோது மிஞ்சிய மரத்துண்டு ஒன்று வளவில் கிடந்தது. நேரான மரம், இலேசான பச்சை நிறம். பேரன் பள்ளிக்கூடம் போயிருந்த வேளையில் அதனைச் செதுக்கி, உரசி, அழகிய கொம்பாக்கிப் பெட்டியினுள் வைத்தோம். மாலையில் தவளை அதன்மேல் ஏறி ஒட்டிக்கொண்டது. எமக்கு உள்ளூரப் பெருமை.

வந்து பார்த்த பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. "அம்மப்பா, இது மருந்தேற்றிய மரம் அல்லவா?" என்றான்.

செம்பு, குரோமியம், ஆசனிக் ஆகிய மூன்றையும் ஏற்றிப் பதப்படுத்திய பைன் மரமாம் அது. கறையானும் உளுப்பும் அண்டாமைக்குக் காரணம் அந்த நஞ்சே. சிறுவர் விளையாட்டுச் சாதனங்களுக்கும் வீட்டுத் தளப் பலகைகளுக்கும் அவ்வகை மரத்தைப் பயன்படுத்துவதை ஆஸ்திரேலியா 2006 ஆம் ஆண்டிலேயே கட்டுப்படுத்திவிட்டது. தவளையோ வாயால் நீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. ஈரமான மரத்தில் அது உட்கார்ந்திருப்பது, அம்மரத்தில் ஊறிய நீரைக் குடிப்பதற்கு ஒப்பாகும். எது எமது வீட்டு வளைக்குச் சிறப்போ, அதுவே அந்தச் சிற்றுயிருக்கு நஞ்சு!

பேரன் கையை நனைத்துக்கொண்டு தவளையை மெல்ல எடுத்தான். குளோரின் நீக்கிய நீரில் கழுவினான். நகரத்துக் குழாய் நீரில் குளோரமைன் கலந்திருந்தால், நீரைத் திறந்து வைப்பதனால் மட்டும் அது போய்விடாது. அதற்கென ஒரு மருந்துத்துளி விடவேண்டுமாம். அன்றிரவு தவளை இரை தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. பிள்ளை எம்மிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

இரண்டாம் நாள் பெட்டியை முழுவதும் கழுவினோம். ஆற்றங்கரையிற் கிடக்கும் கட்டையொன்றைக் கொண்டு வரலாமே என்று கேட்டோம். கூடாதாம். காட்டில் விழுந்த மரம் வேறு உயிர்களின் வீடு. மேலும், 1998 இல் விஞ்ஞானிகள் அடையாளங்கண்ட கைற்றிட் என்னும் பூஞ்சணம் ஈரக் கட்டையோடும் நீரோடும் வந்து தவளைகளை அழித்துவிடும். கடற்கரைக் கட்டையில் உப்பு ஊறியிருக்கும். பிசின் மணக்கும் பைன், சீடர் வகைகளும் தோலை வருத்துமாம். கடையில் வாங்கிய தக்கை மரப்பட்டையே ஏற்றது. நாம் குப்பையென்று நினைத்ததும் அதுதான். அதனையும் கொதிநீரில் ஊறவைத்துக் கழுவி, உள்ளே சாய்த்து வைத்தோம். சிறு சரளைக்கற்களைப் பேரன் முன்னரே விலக்கியிருந்தான். இரையைக் கவ்வும்போது கல்லையும் விழுங்கிவிட்டால் குடல் அடைபடும். சாயம் உரியும் பிளாஸ்ரிக் செடியொன்று இருந்தது. அதனை நாமே எடுத்தெறிந்தோம்.

நாம் செதுக்கிய கொம்பை அடுப்பிலாவது இடலாமா என்று கேட்டோம். அதுவும் ஆகாதாம், புகையிலும் சாம்பலிலும் நஞ்சு நிற்குமாம். கடுதாசியிற் சுற்றி, நகரசபைக் குப்பையுடன் அனுப்பினோம்.

மூன்றாம் இரவு பத்து மணியிருக்கும். "அம்மப்பா, ஓடி வாருங்கோ!" என்று பேரன் குரல் கொடுத்தான். போய்ப் பார்த்தோம். தவளையின் வாயோரத்தில் ஒரு சில்வண்டின் கால் துடித்துக்கொண்டிருந்தது.