காகக்கால் புல்லு

மாரி மழை இரண்டு விழுந்தால் போதும். வடமராட்சி கிழக்கின் மணல் ஒழுங்கைகளில் அந்தப் புல்லு கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரத் தொடங்கிவிடும். கதிர் நாலைந்து விரலாகப் பிரிந்து காகத்தின் கால் மாதிரி விரியும். ஒவ்வொரு விரலிலும் ஒரு பக்கமாகத்தான் மணி பிடிக்கும். நுனி வெறும் முள். டாக்டிலோக்டெனியம் ஈஜிப்டியம் என்பது தாவரவியலார் வைத்த பெயர். எங்கள் குரக்கனுக்குத் தூரத்துச் சொந்தம்.

ஊரில் ஆரும் இதைத் தானியமாக எண்ணியதில்லை. உழவாரத்தால் வேரோடு செருக்கி, மண்ணை உதறி, கடகத்தில் அமத்திக்கொண்டு போகிற பெண்களுக்கு இது ஆட்டுத் தீன். மிளகாய்த் தோட்டக்காரருக்குக் களை. சாட், சூடான் பக்கத்திலோ இதையும் வேறு சில காட்டுப்புற்களின் விதையையும் கலந்து ‘க்ரெப்’ என்று சமைக்கிறார்கள். முற்றிய புல்லின் மேலாகக் கூடையை வீசி வீசி நடந்தால் விதை உள்ளே உதிரும். உழவில்லை, விதைப்பில்லை. ராஜஸ்தானில் மழை பொய்த்த காலங்களில் இதன் மாவில் ரொட்டி சுட்டிருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு சபலம். முற்றிய கதிர்களை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். கடுகிலும் சின்னதாய், தோல் சுருங்கிய செம்பழுப்பு மணிகள். சுளகில் புடைத்தால் உமியோடு விதையும் பறக்கிறது. மெதுவாகக் கொழித்தால் மணல் கூடவே வருகிறது. கடைசியில் அரிக்கன் சட்டிதான் கைகொடுத்தது. தண்ணீர் விட்டுச் சுழற்ற, மணல் வரிகளுக்குள் தங்கிவிட்டது. ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டுத் தேறியது ஒரு சிறங்கை.

பர்மா யப்பானியரிடம் விழுந்து அரிசி வரத்து நின்ற 1942இலும், யாழ்ப்பாணத்தின் மீதான 1990களின் பொருளாதாரத் தடையிலும் எங்கள் சனம் இந்தப் புல்லிடம் போகாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. எங்களுக்குப் பனை இருந்தது. பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலை இடித்தால் குடும்பத்துக்கே கூழ் காய்ச்சலாம். பனை இல்லாத பாலைவன ஓரத்துச் சனத்துக்கு அந்த வசதி ஏது? பசியிலும் மனிசர் கணக்குப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

இந்தப் புல்லை உணவாக்கும் வேலையை எங்கள் ஆடுகள் சம்பளமில்லாமல் செய்து பாலாக்கித் தந்தன. இப்போது செருக்க ஆளில்லை. களைநாசினி அடித்த வரம்புப் புல்லை ஆட்டுக்குப் போடவும் பயம்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கிய பிறகு காட்டுப்புல் விதைகளுக்கும் புகழ் பாடுவோர் கிளம்பியிருக்கிறார்கள். பாடட்டும். வீட்டுக்கு வந்தால் சுளகையும் அரிக்கன் சட்டியையும் நானே எடுத்துக் கொடுப்பேன்.